வேம்பின் அடிக்கிளையை மொட்டையடித்தது யார்

அன்பு மகளுக்கு, உன் அப்பா தன் கையால் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் வளர்கிற சின்ன உயிரும் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தினமும் முதல் நினைப்பு. இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அந்தச் சொல்லின் மேல் எனக்கு இப்போது நம்பிக்கை குறைந்துவிட்டது, ஏன் என்று முழுக்கப் படித்தால் உனக்கே தெரியும்.

இந்தக் கையெழுத்து யாருடையது என்று மாப்பிள்ளையிடம் காட்டிக் கேட்காதே, என்னுடையதுதான். பஸ் டிப்போவில் டயர் கழற்றி மாட்டிய காலம் முழுக்க, எந்த வண்டி எங்கே போகிறது என்பதைப் பலகையின் நிறத்தையும் எழுத்துகளின் நீளத்தையும் வைத்துத்தான் கண்டுபிடிப்பேன், கேட்டால் படித்தவன் மாதிரிச் சொல்லிவிடுவேன். இப்போது சாயங்கால வகுப்புக்குப் போய் ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்து, கடைசியில் அவை சேர்ந்து சொல்லாகிற இடத்துக்கு வந்துவிட்டேன். தெருவில் நடந்தால் மருந்துக்கடை, முடிவெட்டும் கடை, சுவரில் குப்பை கொட்டாதே என்று எழுதியிருப்பது எல்லாம் என்னைக் கூப்பிட்டுப் பேசுகிறது. குப்பை கொட்டாதே என்று எழுதிய இடத்தில்தான் அத்தனை பேரும் கொட்டுகிறார்கள், இத்தனை நாள் அது எனக்குத் தெரியாமல் நானும் கொட்டியிருக்கிறேன். அம்மா, "கூட வர்றதுன்னா நடந்து வாங்க, படிச்சுக்கிட்டு வராதீங்க" என்று திட்டுகிறாள். அவள் திட்டினாலும் எனக்குச் சந்தோஷம்தான், மெதுவாக எழுதுகிறேன், ஒரு வரி முடிந்ததும் கையை உதறிவிட்டு அதையே இன்னொரு தடவை படித்துப் பார்த்துக்கொள்கிறேன்.

இதுவரை உனக்கு வந்த கடிதங்கள் நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதியவை. நான் மூச்சு வாங்கப் பேசுவேன், அவள் பேனா இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு நின்றுவிடும். இவ்வளவுதானா என்று கேட்டால், "நீங்க சுத்தி வளைச்சு சொன்னத நான் நேரா எழுதிட்டேன்" என்பாள். அப்போதே எனக்குள் ஒரு சந்தேகம் உட்கார்ந்துவிட்டது. போனில் உன்னிடம் பேசலாம் என்றால் அவள் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அதனால்தான் கடிதம். நான் வகுப்புப் பாடம் எழுதுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். சற்று முன் வந்து எட்டிப் பார்த்தாள், கையால் மறைத்தேன், "பாடத்த மறைக்கிற பையன் பரீட்சையில தேறமாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

விஷயம் நம் வேப்பமரத்தில் ஆரம்பித்தது. பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கும் தையல்காரர் வீட்டுச் சுவருக்கும் நடுவில் நிற்கிறதே, அதேதான். உனக்கு அம்மை போட்டபோது அதன் இலையைப் பரப்பித்தான் உன்னைப் படுக்க வைத்தோம், உடம்பு அரித்து நீ சொறியப் போகும்போதெல்லாம் அம்மா கொத்தை எடுத்து வருடிவிடுவாள், வாசலில் ஒரு கொத்தைச் செருகி வைத்தோம், அதைப் பார்த்ததும் வந்தவர்கள் உள்ளே வராமல் வெளியில் நின்றே விசாரித்துவிட்டுப் போனார்கள். பலகை எழுதி மாட்டாமலே தெரு முழுக்கப் படிக்கத் தெரிந்த ஒரே எழுத்து அந்தக் கொத்துதான். இன்றைக்கும் யார் வீட்டில் பிள்ளைக்குக் கொப்புளம் வந்தாலும், பருப்பில் வண்டு வந்தாலும், துணிப்பெட்டியில் பூச்சி வந்தாலும், தலையில் பொடுகு வந்தாலும் நம் பின்கட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். பல் துலக்கக் குச்சி ஒடிக்க வருகிறவர் தனி. சிலர் ஒன்றும் எடுக்காமல் அடிமரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போகிறார்கள், என்ன வேண்டுதலோ, நான் கேட்பதில்லை. வேம்பு நிற்கிற வீட்டுக்கு டாக்டருக்கு வழி தெரியாது என்று நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பேன், நீயே எத்தனை தடவை கேட்டிருக்கிறாய். கேட்டு எடுத்துக்கொள் என்பது ஒன்றுதான் என் சட்டம்.

அப்படி இருக்கும்போது அடிக்கிளையில் இலை குறைய ஆரம்பித்தது. முதலில் நுனிக் கொழுந்து, அந்தச் செம்பு நிறத் துளிர் போயிற்று. பிறகு கிளையே மொட்டை. காற்றில் உதிர்ந்தால் கீழே கிடக்க வேண்டும், கிடக்கவில்லை. ஆடு தின்றால் கடித்த தழும்பு இருக்கும், அதுவும் இல்லை. காம்போடு பதமாகக் கிள்ளிய கை. யாரோ தினமும் கேட்காமல் எடுக்கிறார்கள்.

முதலில் பல்பொடிக்காரன் மேல்தான் என் கண் போயிற்று. சைக்கிளில் பொட்டலம் தொங்கவிட்டுக்கொண்டு வருவானே, வழுக்கைத் தலை, அவன். சந்தில் நின்று மரத்தை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுகிறான். ஒரு நாள் மறித்து, என்ன பார்வை என்று கேட்டேன். "காக்கா கூடு கட்டியிருக்குதுங்க, அது தலையில விழுமான்னு பாத்தேன், எனக்குத் தலையில மறைவு இல்ல" என்றான். சிரிப்பு வந்தது, ஆனால் விடவில்லை, அவனிடம் ஒரு பொட்டலம் வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்தேன். வெறும் சாம்பலும் உப்பும்தான். வேப்பிலை வாசனைகூட இல்லை. திருடன் இல்லை என்று தெரிந்தது, பல்பொடியில் வேம்பு இருக்கிறது என்று கூவுகிற பொய்யன் என்பதும் தெரிந்தது.

அடுத்தது தையல்காரர். அவருக்கும் மரத்துக்கும் பழைய பகை. இலை உதிர்ந்து அவருடைய கூரைத் தண்ணீர்க் குழாயை அடைக்கிறது, பழம் விழுந்து காயப்போட்ட வெள்ளைத் துணியில் கறை படிகிறது என்று முனகிக்கொண்டே இருப்பவர். கிளை அவர் சுவருக்கு மேல் தலையை நீட்டுகிறது, கத்தரிக்கோல் கையிலேயே இருக்கிறது, வேறென்ன சாட்சி வேண்டும். நான் நேராகப் போய், மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லப் பார்க்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "பெரியவரே, மரத்துல இருந்தா உங்க சொத்து, என் கூரையில விழுந்தா என் குப்பை. அந்தக் குப்பைய அள்ளவே எனக்கு நேரம் பத்தல, இதுல ஏறி வேற பறிக்கப் போறனா" என்றார். கடையில் அளவு கொடுக்க வந்து நின்ற அம்மாள் சிரித்துவிட்டாள். எனக்கு ரோஷம். அவரை இனி மதிப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு வந்தேன்.

இதற்கு நடுவில் என் டீ கசக்க ஆரம்பித்தது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தொடர்ந்து. டீத்தூள் கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிடுகிறார் என்று அவரிடமும் ஒரு தகராறு. அம்மாவிடம் சொன்னால், "உங்களுக்குப் பித்தம், ஊர்ல யாரப் பாத்தாலும் கசக்குது" என்றாள். இருக்கலாம் என்று விட்டுவிட்டேன். அவள் வீட்டுக்குள்ளேயும் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தாள், தரை சில்லென்று இருக்கிறது என்றாள், அதையும் விட்டுவிட்டேன். ஊரெல்லாம் வேவு பார்த்தவன் அடுப்படியை மட்டும் பார்க்கவில்லை.

கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று ஒரு நாள் விடிகிற நேரத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். முழங்கால் வலி, கொசு வேறு, அதைத் தட்டவும் முடியாது. தையல்காரர் சுவர்மேலேயே கண்ணை வைத்திருந்தேன். பின்கட்டுக் கதவு திறந்தது. அம்மா வந்தாள், கையில் கொக்கிக் கம்பு. கிளையை இழுத்து, இடுப்பில் செருகிய முந்தானையில் கொழுந்து கொழுந்தாகக் கிள்ளிப் போட்டாள், தன் தோட்டத்துக் கீரையைப் பறிக்கிற மாதிரி. நான் எழுந்து நின்றேன். அவள் பயப்படவில்லை, "அங்க உக்காந்து என்ன பண்றீங்க" என்று என்னைத்தான் கேட்டாள். திருடனைப் பிடிக்க உட்கார்ந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நீ என்ன செய்கிறாய் என்றேன். பருப்பு டப்பாவில் வண்டு, அதற்கு இலை என்றாள்.

நான் உள்ளே போய்ப் பருப்பு டப்பாவைத் திறந்தேன். வண்டும் இல்லை, இலையும் இல்லை. மற்ற டப்பாக்களையும் திறந்தேன். கடைசியில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த என் டீ டம்ளரை எடுத்து முகர்ந்தேன். அடிவிளிம்பில் பச்சைக் கோடு. மகளே, டீத்தூள் கடைக்காரர் பாவம். அவள் தினமும் விடிகாலையில் வேப்பிலையை அரைத்துத் தண்ணீரில் கரைத்து, என் டம்ளரில்தான் குடித்திருக்கிறாள், அவள் டம்ளரில் கறை படிந்துவிடும் என்று. எதற்கு என்று கேட்டேன், டம்ளரைப் பிடுங்கிக் கழுவப் போனாள். டாக்டர் கொடுத்த சர்க்கரை மாத்திரை எங்கே என்று கேட்டேன். அதற்குத்தான் அவளுக்குக் கோபம் வந்தது. "நீங்கதான தெரு முழுக்கச் சொன்னீங்க, வேம்பு நிக்கிற வீட்டுக்கு டாக்டருக்கு வழி தெரியாதுன்னு. ஊருக்குச் சொன்னா வைத்தியம், பொண்டாட்டி செஞ்சா திருட்டா" என்றாள். நான் அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. போன தடவை பரிசோதனையில் அவளுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது. இப்படியே இருந்தால் அவ்வளவு தூரம் பயணம் போகச் சம்மதிக்க மாட்டேன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உன் பிரசவத்துக்கு வர முடியாமல் போய்விடுமே என்ற பயம் அவளுக்கு. மருத்துவமனை வரிசையில் நின்ற யாரோ ஒருத்தி வேப்பிலைச் சாறு குடித்தால் சட்டென்று இறங்கிவிடும் என்று சொல்லியிருக்கிறாள். சரி, அதைக் குடித்தாள், மாத்திரையை ஏன் விட்டாள் என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். "ஒரு உறைக்குள்ள ரெண்டு கத்தியா? ரெண்டு மருந்தும் வயித்துல சண்டை போட்டா எது கேக்கும்" என்றாள். அதனால் இலைக்கு இடம் விட்டு மாத்திரையை நிறுத்திவிட்டாள். அட்டை அட்டையாக மாத்திரைகள் பழைய துணிப்பெட்டியில், பூச்சி வராமல் போட்டிருந்த காய்ந்த வேப்பிலைக்கு அடியில் கிடந்தன.

அன்றைக்கே மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கட்டுப்போடுகிற நர்ஸுக்குப் பெரிய தொண்டை, மெதுவாகப் பேசினாலே வராந்தா முழுக்கக் கேட்கும். அவர்தான் அம்மாவைச் செருப்பைக் கழற்றச் சொன்னார். அம்மா யோசித்தாள். கட்டைவிரலுக்கு அடியில் புண். செருப்பு கடித்தது என்றாள், எப்போது என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை, வலியே இல்லையாம். வலி இல்லை என்றால் நல்லதுதானே என்று நான் சொல்லப் போனேன், நர்ஸ் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன். வேப்பிலைக் கதையைக் கேட்டதும் கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. "இலை மேல எனக்கென்ன கோபம், எங்க வீட்டுப் பக்கமும் ஒண்ணு நிக்குது. தோல்ல அரிப்பா, கொதிக்க வெச்சு ஆறின தண்ணில குளிங்க. வண்டா, டப்பால போடுங்க. ஆனா மாத்திரைய நிறுத்திட்டு இதை மட்டும் குடிச்சா கால் போகும். டம்ளர் டம்ளரா குடிச்சா சிறுநீரகத்துக்கும் கெடுதல். புண்ணுக்கும் அரைச்சுப் பூசாதீங்க, நாங்க கட்டுறதுதான் கட்டு" என்றார். எனக்கு அப்போதும் ஒரு சந்தேகம், மாத்திரை விற்பதற்காகச் சொல்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன். "இங்க மாத்திரை சும்மாதான் குடுக்கறோம் பெரியவரே, நான் எதை விக்கிறேன்னு நீங்களே கண்டுபிடிச்சு சொல்லுங்க" என்றார்.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். புண் ஆறும், ஆனால் தினமும் கட்டு மாற்ற வேண்டும், மாத்திரை தவறக் கூடாது, புண் முழுக்க மூடுகிறவரை நீண்ட பயணம் கூடவே கூடாது. எப்போது மூடும் என்று கேட்டதற்கு உன் தேதிக்குள் சொல்ல முடியாது என்றார். அசட்டையாக இருந்தால் விரலை எடுக்க வேண்டி வரும் என்றும் சொன்னார். அம்மா அதையெல்லாம் வேறு யாருக்கோ சொல்வது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, இதைப் பிள்ளையிடம் சொல்லக் கூடாது, நிறைமாதக்காரி பயந்துவிடுவாள் என்று என்னிடம் வாக்குக் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். ஆட்டியது உண்மை. அதைக் காப்பாற்றவில்லை, நீ பார்க்கிறாய்.

இப்போது மாத்திரையை என் முன்னால்தான் விழுங்குகிறாள். நான் வாயைத் திற, நாக்கைத் தூக்கு என்று பார்க்கிறேன். "டயருக்குள்ள ஆணி தேடற மாதிரி தேடாதீங்க" என்கிறாள். தேடத்தான் செய்வேன், சின்ன ஆணிதான் வண்டியைக் கவிழ்க்கும். இலை பறிப்பது நின்றுவிட்டது, அடிக்கிளையில் மறுபடி துளிர் வருகிறது. தையல்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், உடனே "விடுங்க பெரியவரே" என்று சொல்லிவிட்டார். இவ்வளவு சீக்கிரம் மன்னித்தது எனக்கு நல்லதாகப் படவில்லை, வருகிற மழைக்கு முன் கிளையை வெட்டச் சொல்லிக் கேட்பார் என்று நினைக்கிறேன். கேட்டால் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பதை மட்டும் வெட்டிக்கொள்ளச் சொல்வேன்.

ஆனால் பெரிய சந்தேகம் இன்னும் தீரவில்லை. கட்டிலுக்கு அடியில் பெரிய பை இருக்கிறது. அம்மா கூட்டும்போது அதை மட்டும் நகர்த்துவதில்லை. அவள் கட்டு மாற்றப் போனபோது ஜிப்பைத் திறந்து பார்த்தேன். அவள் புடவைகள், குழந்தைக்குத் துவைத்து மடித்த பழைய மெல்லிய துணிகள், மாத்திரை அட்டை, கட்டுத் துணிச் சுருள்கூட இருக்கிறது. என்ன நடந்தாலும் புறப்பட்டுவிடுவது என்று முடிவு செய்திருக்கிறாள். காலைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து உன் வாசலில் நிற்பாள், சிரித்துக்கொண்டே நிற்பாள், நீ செருப்பைக் கழற்றச் சொல்லமாட்டாய். நான் சொன்னால் கேட்க மாட்டாள். அவளை நிறுத்த உன் ஒரு வார்த்தையால்தான் முடியும். திட்டாதே, திட்டினால் அழுதுவிட்டு அப்புறம் வருவாள். "அம்மா, நீ காலோடு நல்லபடியாக இருந்தால்தான் என் பிள்ளையை நாலு வருஷம் தூக்கி நடப்பாய், இப்போது வரவேண்டாம், புண் ஆறினதும் வா" என்று அவளிடம் உன் வாயால் சொல். நான் சொல்லித்தான் சொல்கிறாய் என்று அவள் கண்டுபிடித்தால் கண்டுபிடிக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

இனி உன் மேல் ஒரு சந்தேகம், கோபித்துக்கொள்ளாதே. நீ அவள் மகள். உன் கடைசிக் கடிதத்தில் எல்லாம் நன்றாக இருக்கிறது, சும்மா கொஞ்சம் கால் வீங்குகிறது, தலைவலி வந்து போகிறது என்று எழுதியிருந்தாய். அம்மா அந்த வரியைப் படிக்கும்போது குரலைத் தணித்துக்கொண்டாள், நானும் தாண்டிப் போய்விட்டேன். இப்போது அந்தச் சும்மா எனக்குத் தூக்கம் வரவிடவில்லை. நிறைமாதத்தில் கால் வீங்கித் தலையும் வலித்தால் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே காட்ட வேண்டும் என்று நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். காட்டினாயா, என்ன சொன்னார்கள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள், மாப்பிள்ளைக்கு எத்தனை நாள் லீவு கிடைக்கும், எல்லாம் உள்ளது உள்ளபடி எழுது. நீ அம்மாவுக்குப் பயந்து மறைக்கிறாய், அம்மா உனக்குப் பயந்து மறைக்கிறாள், நடுவில் எழுத்துத் தெரியாதவன் என்று என்னிடம் இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சாக்கு இனி செல்லாது.

உனக்குத் துணை வேண்டும் என்று எழுதினால் நான் வருகிறேன். தையல்காரர் மனைவி அம்மாவோடு தினமும் கட்டு மாற்றப் போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள், கேட்டுவிட்டேன். பிள்ளையைக் குளிப்பாட்டத் தெரியாது, அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் கஞ்சி காய்ச்சுவேன், துணி துவைப்பேன், ராத்திரி அழுதால் தோளில் போட்டுக்கொண்டு நடப்பேன். யாரையும் வழி கேட்காமல் வந்துவிடுவேன், பஸ் பலகையில் எழுதியிருப்பதைப் படித்துத்தான் ஏறுவேன்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு, பிள்ளை கை கால் சுகத்தோடு, கேட்கிறவர் எல்லோரும் நல்ல சேதி கேட்கும்படி இருங்கள், இதுதான் என் ஆசீர்வாதம். மறக்காமல், பதில் கடிதத்தின் உறையில் என் பெயரை மட்டும் எழுது, அம்மா பெயர் வேண்டாம். எழுத்தைச் சேர்த்து இழுத்து எழுதாதே, தனித்தனியாக, பெரிதாக எழுது. கெட்ட சேதியாக இருந்தால் அதை இன்னும் பெரிதாக எழுது, எனக்கு அது முதலில் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
இனி உன் கடிதத்தைத் தானே பிரித்துப் படிக்கப்போகிற
உன் அப்பா